மைசூரு விளையாட்டிடங்களின் பாதுகாப்புச் சட்டம்

கர்நாடக மாநிலம் மைசூருவில் விளையாட்டரங்குகள், நீச்சல் குளங்கள், உடற்பயிற்சிக் கூடங்கள், மல்யுத்தக் களங்கள் ஆகியவற்றில் ஆடுவோர், பார்ப்போர், பணிபுரிவோர் ஆகியோரின் உயிரையும் உடல்நலத்தையும் காக்கும் சட்ட விதிகளின் தொகுதி. இதற்கெனத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்படவில்லை. போலீஸ் சட்டம், தீயணைப்புச் சட்டம், கட்டட விதிகள், குற்றவியல் சட்டம், இழப்பீட்டு வழக்குகளில் வளர்ந்த தீங்கியல் சட்டம் எனப் பல இடங்களில் சிதறிக் கிடப்பவற்றைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

முன்வரலாறு

எழுதிய சட்டத்துக்கு முன்பே இங்கு மரபு விதிகள் இருந்தன. விஜயதசமியன்று அரண்மனை முற்றத்தில் ஜெட்டி குடும்பத்தார் மோதும் வஜ்ரமுஷ்டி காளகம் எனும் மற்போரில், விரல்களில் கூர்க்கருவி கோத்த மல்லர்களில் ஒருவரின் தலையில் இரத்தம் துளிர்த்ததும் ஆட்டம் நிறுத்தப்படும். இன்றைய குத்துச்சண்டையில் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவதை இம்மரபு ஒத்தது.

ஆடுவோர் தாமே ஏற்கும் ஆபத்தை 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் 87ஆம் பிரிவில் வரையறுத்தது. பொழுதுபோக்காக வாட்சிலம்பம் ஆட ஒப்புக்கொண்ட இருவர், முறைகேடின்றி ஆடும்போது நேரும் காயத்துக்கும் ஒப்புக்கொண்டவர்களே என்று அப்பிரிவே எடுத்துக்காட்டுத் தந்து விளக்கியது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 25ஆம் பிரிவு. இந்த ஒப்புதல் களத்துக்குள் இருப்பவரை மட்டுமே கட்டுப்படுத்தும். கேலரி சரிந்து விழுந்தால் இடத்தை நடத்துபவர் அதைக் காட்டித் தப்ப முடியாது.

போலீஸ் சட்டமும் வரையறையும்

1956 மாநிலச் சீரமைப்புக்குப் பின் பழைய மைசூர், பம்பாய், ஐதராபாத், சென்னை, குடகுப் பகுதிகள் ஒரே மாநிலமாயின. போலீஸ் சட்டங்கள் மட்டும் பகுதிக்கொன்றாக நீடித்தன. அவற்றை ஒன்றாக்கியது 1963ஆம் ஆண்டு மைசூர் போலீஸ் சட்டம். மாநிலம் 1973இல் பெயர் மாறியதும் அது கர்நாடக போலீஸ் சட்டம் ஆயிற்று. 1951ஆம் ஆண்டு பம்பாய் போலீஸ் சட்டமே இதற்கு முன்மாதிரி. பல பிரிவுகளில் சொல்லுக்குச் சொல் ஒற்றுமை உண்டு.

'பொதுக் கேளிக்கையிடம்' என்பதன் வரையறை அவற்றுள் முக்கியமானது. இசை, பாடல், ஆடல், ஏதேனும் பொழுதுபோக்கு அல்லது விளையாட்டு நடப்பதும் கட்டணம் பெற்றோ பணம் திரட்டும் நோக்கத்துடனோ பொதுமக்கள் அனுமதிக்கப்படுவதுமான இடம் எதுவும் இதில் அடங்கும். பந்தயத் திடல், சர்க்கஸ், நாடக அரங்கு, இசைக்கூடம், பில்லியர்ட்ஸ் அறை, பாகடெல் அறை, உடற்பயிற்சிக் கூடம், வாட்பயிற்சிப் பள்ளி, நீச்சல் குளம், நடனக் கூடம் ஆகியவை பெயர் சுட்டப்பட்டுள்ளன. ஆணிகளுக்கிடையே குண்டு உருட்டும் பாகடெல் ஆட்டத்தை இன்று மைசூருவில் தேடினாலும் காண்பது அரிது. சட்டத்தில் அதற்கு நிலையான இடம் இருக்கிறது. கிரிக்கெட் மைதானம் பெயரால் சொல்லப்படவில்லை. 'விளையாட்டு' என்ற பொதுச் சொல்லுக்குள் அது அடங்குகிறது. கன்னடத்தில் கரடி மனெ எனப்படும் மல்யுத்தக் கூடங்கள் சீடர்களை மட்டும் சேர்ப்பவையாக இருந்தால் இவ்வரையறைக்குள் வரமாட்டா. 1891இல் தோன்றிய மைசூர் ரேஸ் கிளப்பைப் போன்ற குதிரைப் பந்தய அமைப்புகளுக்கு 1952ஆம் ஆண்டின் தனி உரிமச் சட்டமும் உண்டு.

இவ்விடங்களுக்கு உரிமம் வழங்கவும், நுழைவழி, வெளியேறும் வழிகளை ஒழுங்குபடுத்தவும், உள்ளே பொதுப் பாதுகாப்பைப் பேணவும் 31ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. மைசூரு நகரில் அது போலீஸ் கமிஷனரிடமும், கமிஷனர் இல்லாத பகுதிகளில் மாவட்ட மாஜிஸ்திரேட்டிடமும் உள்ளது. நல்ல நோக்கமுள்ள பிரிவுதான். ஆயினும் இதையொட்டி நீதிமன்றம் ஏறிய பெயர்பெற்ற வழக்குகள் கேலரிகளையும் கதவுகளையும் பற்றியவை அல்ல. பெங்களூரின் லைவ் பேண்ட் உணவகங்களைப் பற்றியவை.

பார்வையாளர் பாதுகாப்பு

கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 1971இல் 66 பேர் நெரிசலில் இறந்தபின் பிரிட்டன் 1975இல் விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன்படி, பெரிய மைதானங்களில் எத்தனை பேரை விடலாம் என்பதைப் பாதுகாப்புச் சான்றிதழே முடிவு செய்யும். கொல்கத்தா ஈடன் கார்டனில் 1980 ஆகஸ்ட் 16 அன்று கால்பந்து ரசிகர்கள் 16 பேர் மாண்டும் இந்தியாவில் அத்தகைய மத்தியச் சட்டம் வரவில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 மக்கள் கூடும் கட்டடங்களைத் தனி வகையாகப் பிரித்து, வெளியேறும் வழிகளின் அகலத்தையும் தொலைவையும் வரையறுக்கிறது.

விபத்து நேர்ந்தால் முதன்மைப் பொறுப்பு இடத்தை நடத்துபவருடையது. 59 பேர் இறந்த டெல்லி உபகார் திரையரங்கத் தீ வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியையும் உரிமம் வழங்கிய போலீஸாரையும் இழப்பீட்டிலிருந்து விடுவித்து, உரிமையாளரையும் மின்வாரியத்தையும் பொறுப்பாக்கியது. மைதானங்களுக்கும் இதுவே அளவுகோல். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை.

தற்போதைய நிலை

பெங்களூரு சின்னசாமி மைதான வாயில்களில் 2025 ஜூன் 4 அன்று 11 பேர் நெரிசலில் இறந்தனர். நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா ஆணையம் விசாரித்தது. அங்கு நடக்கவிருந்த மகாராஜா டிராபி கிரிக்கெட் போட்டிகள் மைசூருவின் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் மைதானத்துக்கு மாற்றப்பட்டன. கூட்டக் கட்டுப்பாட்டு மசோதா ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிமுகமாகி அவைக் குழுவுக்குச் சென்றது. பணியாளர்களைப் பொறுத்தவரை, தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ளது.