தோளுக்கினியான்

2022-க்கு முன்னால் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஸ்ரீரங்கம் போனவரா நீங்கள்? அப்படியானால் காவிரிப் பாலத்தை உங்கள் முதுகெலும்பு மறந்திருக்காது. 1976-ல் வந்த பாலம். இணைப்புகள் தேய்ந்துபோய், ஒவ்வொன்றிலும் வண்டி 'தடக்'கென்று விழுந்து எழும். 2022-ல் போக்குவரத்தை நிறுத்தி, பழுது பார்த்து, 2023-ல் திறந்தார்கள்.

அக்கரையில் இதே குலுக்கலுக்கு ரொம்பப் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. நம்பெருமாள் புறப்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். அவர் ஏறி வருவதன் பெயரே 'தோளுக்கினியான்'! தூக்குகிற ஸ்ரீபாதந்தாங்கிகள் சிம்ம கதி, சர்ப்ப கதி என்று விதவிதமாக நடை போடுவார்கள். பெருமாள் ஆடுவார், குலுங்கமாட்டார். ஆடுவது வேறு, குலுங்குவது வேறு சார். அங்கே ஸ்பிரிங்கும் முழங்கால்தான், ஷாக் அப்சார்பரும் முழங்கால்தான்.

தோளுக்குப் பதில் இரும்பு வந்தபோது பாதிதான் வந்தது. வில் வண்டி! எஃகுப் பட்டைகள் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதில் கொஞ்சம் அடங்கும். மாட்டு வேகத்துக்கு அது போதும், மோட்டாருக்குப் போதாது. 1900-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ட்ரூஃபோ, தட்டுகளை வேண்டுமென்றே உரசவிட்டு ஆட்டத்தை அடக்கினார். பிறகு எண்ணெய் வந்தது. இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பிலேயே குழாய் ஷாக் அப்சார்பர்தான். நம்மூரில் மஹிந்திரா ஜீப்பாக ஓடியதும் அந்த வம்சமே.

குழாய்க்குள் என்ன? எண்ணெய், அதில் ஓட்டைகள் போட்ட பிஸ்டன். ஓட்டைகளை மூடியபடி வாஷர் மாதிரி மெல்லிய எஃகுத் தகடுகள். 'ஷிம்' என்பார்கள். தகடு வளைந்தால்தான் எண்ணெய்க்கு வழி. பிஸ்டனின் ஒரு முகத்து அடுக்கு சக்கரம் மேலே ஏறும்போது வேலை செய்யும். மறு முகம், இறங்கும்போது. விழுங்கிய குலுக்கலெல்லாம் சூடாக மாறும். கல் பாதையில் ஓடி வந்த ஜீப்பில் அந்தக் குழாயைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும்.

ஆற்று மணலுக்கு ஒரு அடுக்கு, பச்சைமலைக் கல் பாதைக்கு வேறு அடுக்கு என்று மாற்றிப் போடுகிற ஜீப் பிரியர்கள் உண்டு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தகட்டின் விறைப்பு, கனத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். 0.10 மில்லிமீட்டர் தகட்டை எடுத்துவிட்டு 0.15 போட்டால் ஒன்றரை மடங்கு இல்லை, மூன்று மடங்குக்கும் மேல்! இறங்கும் பக்கத்தில் இப்படிப் போட்டுவிட்டால், பள்ளத்துக்குள் சக்கரம் இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஸ்பிரிங் அமுங்கியே கிடக்கும். ஓட்டுகிறவருக்கு என்னவோ வண்டி நல்லா 'டைட்'டா இருக்கிற மாதிரிதான் தோன்றும். பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும், டயர் தரையில் இல்லை என்று.