மறுவாசிப்பில் யமுனா: ‘மோகமுள்’ளின் காதலும் காலமும்

காதல் கதையைத் திரும்பப் படிக்கிறவருக்கு ‘சேருவார்களா, மாட்டார்களா’ என்ற கேள்வி ஏற்கெனவே தீர்ந்துபோன ஒன்று. அந்தக் கேள்வியை மட்டுமே நம்பி எழுதப்பட்ட நாவல் இரண்டாம் வாசிப்பில் படுத்துவிடும். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ படுக்காமல் நிற்பது எதனால் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. முதல் வாசிப்பில் அது, யமுனாவை நேசிக்கும் பாபுவின் நாவல். மறுவாசிப்பில் யமுனாவின் நாவலாகிவிடுகிறது என்பது என் வாதம். ஆசைப்பட்டவனின் தவிப்போடு ஓடிய கண், இப்போது அந்த ஆசைக்கு இலக்கானவளின் வருஷங்களை எண்ணத் தொடங்குகிறது.

இதை எழுதுவது ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில். குதிரைப் பந்தய மைதானத்தால் பெயர் தெரிந்த புறநகர். இவ்வளவு தொலைவிலிருந்து, கதை நடக்கும் கும்பகோணத்தைப் படித்தால் மனம் இளகத்தானே செய்யும், அது ஊர் ஏக்கம் அல்லவா என்று கேட்கலாம். எனக்கு அது ஒப்பவில்லை. ஊர் ஏக்கத்துக்குத் தீனி போடும் நாவல் இது அல்ல. காவிரியும் விடியற்காலைத் தம்பூராவும் இருக்கும் அதே ஊரில்தான் வம்பும் சாதிக் கணக்கும் இருக்கின்றன. யமுனாவின் வாழ்க்கையைக் கெடுப்பவை அவைதான்.

கெடுக்கும் விதம் நுட்பமானது. யமுனாவின் தாய் பார்வதி மராத்தியப் பெண். தஞ்சாவூர்ச் செல்வந்தரான சுப்பிரமணிய அய்யரின் இரண்டாம் மனைவி. 1855இல் பிரிட்டிஷார் கைக்குப் போகும்வரை ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள் மராத்தியர் ஆண்ட தஞ்சாவூரில் அப்படியொரு குடும்பம் அதிசயமில்லை. ஆனால் கல்யாணச் சந்தையில் அந்தப் பிறப்புக்கு விலை இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் அழகைக் கண்டு அசந்து, தாயைப் பற்றிக் கேட்டு எழுந்து போகிறார்கள். அய்யர் மறைந்தபின் வரும்படியும் வற்றுகிறது. அவளைத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்களே மிஞ்சுகிறார்கள். முதல் வாசிப்பில் இதெல்லாம் பாபுவின் காதலுக்குப் பின்னணியாகத் தோன்றும். முடிவு தெரிந்தபின் படித்தால் இதுவே கதை. தன்னைவிடப் பத்து வயது மூத்தவளைத் தெய்வமாக வைத்துத் தொழும் பாபுவும், வீட்டுக்காரியாக ஏற்காமல் எழுந்துபோகும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒரு விஷயத்தில் ஒன்றுதான்: இருவருமே அவளைச் சாதாரண மனுஷியாக வாழவிடுவதில்லை.

நான் வாழும் நியூசிலாந்திலும் காதல் நாவலுக்கு உறுதியான மரபு உண்டு. பாதிரியாரின் மனைவியான எஸ்ஸி சம்மர்ஸ் 1957இல் மில்ஸ் அண்ட் பூன் வழியாகத் தம் முதல் நாவலை வெளியிட்டு, பிறகு ஐம்பதுக்கும் மேல் எழுதினார். பண்ணை வீடு, பிணக்கு, மனமாற்றம், கல்யாணம். இந்த வகையை மட்டமென்று ஒதுக்குவது நம் பண்டிதப் பழக்கம். வாசகிக்குக் கொடுத்த வாக்கை மீறாமல் எழுதுவது சின்னக் காரியமல்ல. அதே ஐம்பதுகளில்தான் ‘மோகமுள்’ சுதேசமித்திரனில் தொடராக வந்தது, 1964இல் நூலாயிற்று. தொடர்கதைக்கும் வாக்கு உண்டு, அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற பதைப்பு உண்டு. ஜானகிராமன் அந்தப் பதைப்பை நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு இழுத்துக்கொண்டு போய், கூடலை முடிவாக வைக்காமல் முடிவுக்குச் சற்று முன்பே வைத்துவிடுகிறார்.

அந்த இடத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். சென்னையில், பட்டினி கண்டு, வயது ஏறி, மறுத்து மறுத்து அலுத்த யமுனா தானாகவே பாபுவிடம் வருகிறாள். அதன்பிறகு அவள் கேட்பது, இத்தனை வருஷத் தவிப்பும் இதற்காகத்தானா என்ற பொருள்படும் கேள்வி. கோபமோ ஏளனமோ அதில் இல்லை. கேலியின் சாயல் லேசாக உண்டு என்று எனக்குப் படுகிறது. பாபுவுக்கு அது வாழ்க்கையின் உச்சம். அவளுக்கோ பழைய கடன் ஒன்று தீர்ந்த கணக்கு. முடிவு சப்பென்று இருக்கிறது என்று குறைப்படுகிறவர்கள் பாபுவோடு படுக்கையில் நின்றுவிட்டவர்கள். கேள்வி கேட்டவள் பக்கம் நகர்ந்து படித்தால், அந்தச் சப்பென்ற தன்மைதான் நாவலின் துணிச்சல்.

சங்கீதம் இங்கே அலங்காரமாக வரவில்லை. தன் சங்கீத குரு ரங்கண்ணாவிடம் பாபு கற்பது முதலில் பொறுமை. சுருதி சேரும்வரை தம்பூராவின் முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருப்பது, குரல் பண்படும்வரை கச்சேரி மேடைக்கு ஆசைப்படாமல் இருப்பது. காதலில் மட்டும் அந்தப் பொறுமையை அவன் பழகவில்லை. பழகியவள் யமுனா, அதுவும் யாரும் சொல்லிக்கொடுக்காமல். இந்த ஒப்புமையை ஆசிரியர் எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததால்தான் மூன்றாம் வாசிப்பிலும் அது புதிதாகக் கிடைக்கிறது. 1995இல் ஞான ராஜசேகரன் இதைப் படமாக்கியபோது இளையராஜாவின் இசை சங்கீதப் பக்கத்தைத் தாங்கியது. வருஷங்கள் மெல்லத் தேய்வதைக் காட்டப் படத்துக்கு நேரம் போதவில்லை; அது இயக்குநரின் குறையல்ல, சினிமாவின் அளவு அது.

நாவலிடம் எனக்கு ஒரு வழக்கும் உண்டு. கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண் தங்கம்மா இரவில் பாபுவைத் தேடி வருகிறாள். பிறகு அவன் ஒதுக்க, உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவளோடு கூடியபின் பாபு வருந்துவது பெரும்பாலும் யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்றுதான். யமுனாவை உண்மையில் காதலிக்கிறோம் என்று அவனுக்கு விளங்குவதற்கு ஒரு பெண்ணின் உடம்பும், அவன் கலைக்குத் திரும்புவதற்கு அவள் சாவும் செலவாகின்றன. யமுனாவுக்கு இத்தனை வருஷங்களை அளந்து கொடுத்த ஜானகிராமன், தங்கம்மாவுக்குச் சில இரவுகளை மட்டுமே கொடுத்தார். பின்னாளில் 1966இல் வந்த ‘அம்மா வந்தாள்’ நாவலில், ஊர் பழிக்கும் பெண்ணை நடுவில் உட்காரவைத்து எழுதியபோது அவர் கை வேறு மாதிரி இயங்குகிறது. ‘மோகமுள்’ளை யமுனாவின் நாவலாகப் படிக்கிறவர்கள் அடுத்து தங்கம்மாவின் நாவலாகவும் அதைப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கும், அப்போது பாபு இன்னும் கொஞ்சம் சிறுத்துப் போவான்.