திருக்கோணமலைத் துறைகளும் ஊர்திச் சோதனையும்

திருக்கோணமலை மாவட்டத்தின் நிலப்படத்தை நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது நிலமன்று, நீரே. கொட்டியாரக் குடா தெற்கே அகன்று கிடக்க, தம்பலகாமக் குடா மேற்கே உள்நுழைந்து நிற்க, மகாவலி கங்கை தன் கிளைகளோடு இப்பகுதியிற் கடலை அடைகின்றது. இதனால் மட்டக்களப்பிலிருந்து திருக்கோணமலைக்குச் செல்லும் கரையோர வீதி வெருகல், இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா முதலிய இடங்களில் நீரால் அறுபட்டுக் கிடந்தது. அறுபட்ட வீதியை இணைத்தது துறை. துறையில் ஓடிய மிதவை மேடையை மக்கள் ‘பாதை’ என்றே வழங்கினர். இப்பெயர் பொருத்தமானது. அஃது ஓடமன்று, வீதியின் ஒரு துண்டு நீர்மேல் மிதந்து செல்வதாகவே அவர் அதனைக் கருதினர். வண்டியும் மாடும், பின்னாளில் மோட்டார் வண்டியும் அதன்மேல் ஏறி அக்கரை சேர்ந்தன.

வீதியிற் செல்லும் ஊர்தியை அரசு சோதிக்கின்றது. வீதியாகவே கருதப்பட்ட பாதையைச் சோதிப்பவர் யார்? இவ்வினா 2021ஆம் ஆண்டிற் பெருந்துயரோடு எழுந்தது. ஆயின் அதன் வேர் மிகப் பழையது.

பழுதுற்ற கலங்கள் புகலிடம் தேடி வருதல் இத்துறைமுகத்துக்குப் புதிதன்று. 1659ஆம் ஆண்டில் மசூலிப்பட்டினக் கரையிற் புயலுக்கு இரையாகிப் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் செப்பனிடுதற்பொருட்டே கொட்டியாரத்தை அடைந்தது. அதன் விளைவாகக் கண்டி மன்னன் ஆட்களாற் சிறைப்பட்ட இருபது வயதுக்கும் எட்டாத இளைஞன் றொபேட் நொக்ஸ், பிற்காலத்தில் இலங்கையைப்பற்றி எழுதிய நூல் இன்றும் வரலாற்று மாணவர்க்குப் பயன்படுகின்றது. கப்பல் செப்பனிட வந்த பயணம் நூலொன்றை ஈன்றது என்க.

இரண்டாம் உலகப் போரின்போது நிகழ்ந்தது இன்னும் கருதற்பாலது. பம்பாயிற் கட்டப்பட்ட மாபெரும் மிதக்குந் துறையொன்று திருக்கோணமலையில் நிறுத்தப்பட்டிருந்தது. மிதக்குந் துறை என்பது நீர்த்தொட்டிகளை உடைய ஓர் இரும்புத் தொட்டில். தொட்டிகளில் நீரை நிரப்பினால் அது தாழும்; கப்பல் உள்ளே புகும்; நீரை இறைத்தால் கப்பலோடு மேலெழும். 1944 ஆகஸ்ட் 8ஆம் நாள் ‘வலியன்ற்’ என்னும் போர்க்கப்பல் அதனுள் ஏற்றப்பட்டது. 1916இல் யற்லாந்துக் கடற்போரிற் கலந்து மீண்ட கப்பல் அது. நிறை 30,000 தொன்னுக்கு மேற்பட்டது. தொட்டிகளின் நீர் உரிய ஒழுங்கில் இறைக்கப்படாமையால் பாரம் சமனின்றிப் பரவிற்று. துறையின் முதுகு முறிந்தது. அது நீருள் அமிழ்ந்தது. கப்பலோ சுழல்விசிறிகளும் சுக்கானும் சிதைந்து, அதன்பின் போர்முனையைக் காணாதொழிந்தது. பகைவர் குண்டு செய்யாததைப் பாரம் செய்தது. பழுது என்பது இரும்பில் மட்டும் உறைவதன்று; ஏற்றும் முறையிலும் உறையும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று இத்துறைமுகத்தில் இல்லை.

பாரத்துக்கு எல்லை வகுக்கும் முயற்சி இங்கிலாந்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கியது. பழுதான கப்பல்களை அளவுக்கு மிஞ்சி ஏற்றிக் கடலுக்கு அனுப்பி, மூழ்கினாற் காப்புறுதிப் பணம் பெறும் உரிமையாளரைப் பாராளுமன்றத்திற் கடிந்தவர் சாமுவேல் பிளிம்சோல். அவரது கிளர்ச்சியால் 1876ஆம் ஆண்டு வணிகக் கப்பற் சட்டம் நிறைவேறிற்று. கப்பலின் பக்கத்தே பாரக்கோடு தீட்டப்படல் வேண்டும் என்று அது விதித்தது. எனினும் அக்கோட்டை எவ்விடத்திலே தீட்டுவது என்பதை உரிமையாளரிடமே விட்டுவிட்டது! திருடனிடமே திறவுகோலைக் கொடுத்தது போன்ற இக்குறை 1890ஆம் ஆண்டிலேதான் நீங்கியது. அதன்பின் கோட்டின் இடம் அரசின் விதிப்படி வரையறுக்கப்பட்டது. சட்டம் உண்டாதல் வேறு, அதனை நடைமுறைப்படுத்தும் கை யாருடையது என்பது வேறு. பதினான்கு ஆண்டுகள் இவ்வேறுபாட்டைக் கற்பதிலே கழிந்தன.

தரையூர்திகளின் கதை வேறொரு வழியிற் சென்றது. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் ஆணையாளர் ஒருவரையும் ஊர்திகளைச் சோதிக்கும் பரிசோதகரையும் ஏற்படுத்தியது. பஸ்வண்டியும் லொறியும் தகுதிச் சான்றிதழ் பெற்றே வீதிக்கு வரலாம். இச்சோதனை ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே நோக்குவது. ஒரே பிழையோடு ஆலையிலிருந்து வெளிவந்த பல்லாயிரம் வண்டிகளை என் செய்வது? இதற்கு விடையாக எழுந்ததே மீளழைப்பு முறை. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு நிறைவேறிய வாகனப் பாதுகாப்புச் சட்டம், பழுதுகளை ஆராயும் அதிகாரத்தை நடுவண் அரசுக்கு அளித்தது. 1978இல், பின்புறம் மோதுண்டால் எரிபொருட்டொட்டி தீப்பற்றும் என்னும் காரணத்தால் 15 இலட்சம் போட் வண்டிகள் மீளழைக்கப்பட்டன. அவற்றுட் பெரும்பாலன ‘பின்ரோ’ வகையின. அண்டை நாடாகிய இந்தியா 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினாலேயே இவ்வதிகாரத்தை அரசுக்கு வழங்கிற்று.

மீளழைப்புக்கு மூன்று வேண்டும்: செய்தவன் யாவன் என்பது தெரிதல் வேண்டும், பொருள் யாரிடம் உளது என்பதற்குப் பதிவு வேண்டும், உயிர்ச்சேதம் பெருகுமுன் அதனை நிறுத்தும் அதிகாரம் ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். துறையிலோடும் பாதைக்கு இவற்றைப் பொருத்திப் பார்த்தால் நிலைமை விளங்கும். கரையிலேயே பொருத்தி ஒட்டப்படும் மிதவைக்கு ஆலையுமில்லை, வகைப்பெயருமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் எல்லையோ கரையோடு முடிந்துவிடுகின்றது. சான்றிதழ் பெற்ற வண்டி, சட்டத்தின் கண்ணுக்குப் புறம்பான பலகைமேல் ஏறிற்று.

காலப்போக்கிற் பாலங்கள் வந்தன. 2009 ஒக்டோபர் 20ஆம் நாள் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளமுடையது. அக்காலத்தில் இலங்கையின் மிக நீண்ட பாலம் எனப் பெயர் பெற்றது. வீதியின் ஏனைத் துறைகளும் ஒவ்வொன்றாகப் பாலங்களுக்கு இடமளித்தன. பாதையின் காலம் முடிந்தது என எண்ணியதில் வியப்பில்லை. முடிந்தது எனக் கருதப்பட்ட ஒன்றுக்கு விதி வகுக்க எவர் முனைவர்?

கிண்ணியாவின் உட்பகுதியிலுள்ள குறிஞ்சாக்கேணியிற் பழைய பாலம் பழுதடைந்தமையால் 2021இற் புதுப்பாலப் பணி தொடங்கியது. பணி முடியும்வரை களப்பைக் கடக்க இழுவைப் பாதையொன்று ஓடிற்று. நவம்பர் 23ஆம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி செல்லும் பிள்ளைகளும் பிறரும் ஏறியிருந்த அப்பாதை கவிழ்ந்தது. அன்றே ஆறு உயிர்கள் மாண்டன. அவருட் பெரும்பாலோர் சிறுவர். காலையிற் சீருடை உடுத்து அனுப்பிய தாய்மார் சில நாழிகைக்குள் வைத்தியசாலை வாயிலில் நின்றனர். ஊர் கொதித்தெழுந்தது. பாதையை நடத்தியோர் கைது செய்யப்பட்டனர்; கிண்ணியா நகரசபைத் தவிசாளரும் கைதானார். பாராளுமன்றத்திலும் இது பேசப்பட்டது. அங்கும் ஊரிலும் வாதிக்கப்பட்டது அனுமதி அளித்தவர் யார் என்பதே. வீதி அபிவிருத்தி அதிகாரசபையா, நகரசபையா, பிறிதொரு திணைக்களமா என்னும் வாதம் நாள்தோறும் நீண்டது. பஸ்வண்டி ஒன்று கவிழ்ந்திருப்பின் இவ்வினாவுக்கு இடமே இராது. சான்றிதழில் ஒப்பமிட்டவர் பெயர் ஏட்டில் இருக்கும்.

மிதவை மேடையின் இயல்பை அறிந்தார்க்கு இத்தகைய விபத்தில் மறைபொருள் ஒன்றுமில்லை. மேடை நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்க, மக்கள் அதன்மேல் நின்றுகொண்டே செல்வர். ஆகவே பாரத்தின் நடு மிக உயரத்தில் அமைகின்றது. ஒரு பக்கத்து மிதவையுள் நீர் சிறிது கசிந்தாலும், நிற்பவர் ஒரு பக்கம் நகர்ந்தாலும் சாய்வு தொடங்கும். சாய்ந்த மேடையில் நிற்பவர் தாழ்ந்த பக்கமே சரிவர். சரிவு சாய்வை வளர்க்கும். 1944இல் இரும்புத் துறையை முறித்ததும் சமனிழந்த பாரமே. வேறுபாடு அளவில் மட்டுமே உளது. மிதவைகளைத் தட்டிப் பார்த்தல், ஏறுவோர் தொகையைப் பலகையில் எழுதி நாட்டல், மிதப்புச் சட்டைகளைத் தொங்கவிடல் ஆகியவற்றுக்கு அரைநாட் பொழுதும் வேண்டியதில்லை. வேண்டியது அதனைச் செய்யக் கடமைப்பட்ட ஓர் அலுவலர்.

செய்தவன் பெயரில்லாத ஊர்திக்கு மீளழைப்பின் இடத்தை உரிமப்பத்திரமே நிரப்புதல் கூடும். உரிமம் வழங்குபவனே திரும்பப் பெறவும் வல்லவன். வழங்காத ஒன்றைத் திரும்பப் பெறுவார் எவருமிலர்.

விபத்து நிகழ்ந்து சில நாட்களுள் கடற்படையினர் குறிஞ்சாக்கேணியிற் பயணிகள் படகுச் சேவை ஒன்றைத் தொடங்கினர். அவர்களது பெருந்தளம் குடாவின் மறுபுறத்தே, அதே திருக்கோணமலைத் துறைமுகத்தில் நெடுங்காலமாகவே உள்ளது.