கோழி, நரி, புரொஃபசர்

கோழிக் கூண்டுக்கு எதிரே இன்னொரு கூண்டில் ஒரு நரியை அடைத்து வைத்தார் அந்த ஜெர்மானிய விஞ்ஞானி. நரியால் வெளியே வரமுடியாது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்! அதற்கே கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

விஞ்ஞானியின் பெயர் ஹெர்மன் ஸ்டீவ். பயமும் கவலையும் இனப்பெருக்க உறுப்புகளை என்ன செய்கின்றன என்பதில் அவருக்குத் தீராத ஆர்வம். கோழி சரி, பெண்கள்? அதற்கு இளம் பெண்களின் சினைப்பைகள் வேண்டும். அதுவும் உயிர் போன கையோடு வேண்டும். யார் தருவார்கள்?

ஹிட்லர் தந்தார்.

1935-ல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் துறையின் தலைவரானார் ஸ்டீவ். அதே ஊரில்தான் ப்ளோட்சென்ஸே சிறை. நாஜிகளை எதிர்த்தவர்களின் தலை அங்கே துண்டிக்கப்பட, உடல்கள் நேராக இவருடைய மேஜைக்கு வந்தன. 1946-ல் அவரே எழுதிய பட்டியலில் 182 பேர். அதில் 174 பேர் பெண்கள்! அமெரிக்காவில் பிறந்த மில்ட்ரெட் ஹார்நாக் அவர்களில் ஒருவர். கோர்ட் அவருக்கு முதலில் கொடுத்தது ஆறு வருட சிறைதான். ஹிட்லர் அதை ஏற்கவில்லை. மறுவிசாரணை, மரண தண்டனை, 1943 பிப்ரவரியில் கில்லட்டின்.

ஸ்டீவ் கண்டுபிடித்தது என்ன? 'உனக்கு மரண தண்டனை' என்று கேட்ட பெண்கள் பலருக்கு மாதவிலக்கு நின்றுபோனது. சிலருக்கு நாள் கணக்கில்லாமல் திடீரென்று ரத்தப்போக்கு. 'அதிர்ச்சி உதிரம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

உண்மைதான். மூளையில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி. அது விட்டுவிட்டு அனுப்பும் ஹார்மோன் பிட்யூட்டரியைத் தட்டியெழுப்ப, அது சினைப்பையை எழுப்ப, ஈஸ்ட்ரோஜென் சுரக்கிறது. ஓயாத பயம் வந்தாலோ, வயிற்றுக்குச் சோறு இல்லையென்றாலோ 'இப்போது குழந்தை வேண்டாம்' என்பதுபோல் ஹைபோதலாமஸ் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். நீண்டநாள் நீடித்தால் எலும்பு வரை பலவீனமாகும். பரீட்சை டென்ஷனிலும் பட்டினி டயட்டிலும் இன்றைய பெண்களுக்கு நடப்பதும் இதேதான்.

ஆனால் இதற்குத் தலைகள் உருள வேண்டுமா? 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் பஞ்சம் வந்தபோது ஏராளமான பெண்களுக்கு மாதவிலக்கு நின்றது. உயிரோடு இருந்த அந்தப் பெண்களை விசாரித்தே டாக்டர்கள் இதைத் தெரிந்துகொண்டார்கள்.

ஸ்டீவ் நாஜிக் கட்சியின் உறுப்பினர்கூட இல்லை என்பதுதான் கொடுமை. 'எப்படியும் கொல்லப்போகிறார்கள், வீணாவானேன்' ரக ஆசாமி. அவரிடம் உதவியாளராக இருந்த ஷார்லோட்டே பொம்மர் என்ற இளம் டாக்டர் அப்படி நினைக்கவில்லை. 1942 டிசம்பரில் மேஜைமேல் கிடந்த உடல்களில் தனக்குத் தெரிந்த முகங்களைப் பார்த்தார். வேலையை உதறிவிட்டுப் போய்விட்டார்!

புரொஃபசர்? போருக்குப் பிறகும் அதே பதவி. வழக்கு எதுவும் கிடையாது. 1952-ல் இறந்தார்.

2016-ல் ஸ்டீவின் வாரிசுகள் அவர் விட்டுச்சென்ற பொருட்களைக் குடைந்தபோது, சின்னச் சின்னப் பெட்டிகளில் 300-க்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் நகக்கண் அளவுக்கு மனிதத் திசு. 2019 மே 13 அன்று பெர்லினின் டோரோதீன்ஷ்டாட் கல்லறைத் தோட்டத்தில், உறவினர்கள் கூடி நிற்க, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள்.