திருவாரூர் தந்த இருவர்

சிலாபத்து முன்னேசுவரத் திருவிழாவில் நாகசுரம் கேட்டுத் திரும்பிய என் மாணவன் ஒருவன், "தமிழிற் பாடாத தியாகராசரும் தீட்சிதரும் நமக்கு எவ்வாறு உரியர், ஐயா?" என்றான்.

இருவரும் திருவாரூரிற் பிறந்தோர். 1767இல் தோன்றிய தியாகராசர், தஞ்சை அரசவையின் அழைப்பை மறுத்துத் திருவையாற்றிலேயே தங்கி, இராமனைத் தெலுங்கிற் பாடினார். சங்கதி சங்கதியாக விரியும் அவர் கீர்த்தனை கேட்டவுடன் நெஞ்சைப் பற்றும். அவரினும் இளையவரான தீட்சிதரோ காசிவரை சென்று மீண்டவர். தலந்தோறும் வடமொழியிற் பாடி, 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். இராகத்தை அவர் விரைவுபடுத்தவே மாட்டார். இளைஞருக்குச் சற்றுப் பொறுமை வேண்டும். பரதநாட்டியக் கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வர் அவரிடமே பயின்றனர்.

மாணவனுக்கு நான் சொன்னது ஒன்றே: அன்றிரவு அவன் தலையசைத்துக் கேட்டவற்றுள் இவ்விருவர் கீர்த்தனைகளும் இருந்தன. நாகசுரத்துக்குச் சொல் ஏது?