துண்டைத் தாங்கோ: மூக்குக்கண்ணாடி மலிந்த கதை

போன வருஷம் செமஸ்டர் சோதனைக்கு மூன்று கிழமை இருக்கும்போது என் கண்ணாடி உடைந்தது. 100ஆம் நம்பர் பஸ் நெரிசலில் கீழே விழுந்து யாரோ ஒருவரின் சப்பாத்துக்கு அடியில் போய்விட்டது. அடுத்த நாளே அம்மாவும் நானும் வெள்ளவத்தையில் காலி வீதியில் இருக்கிற ஒரு கடைக்குப் போனோம். கண் செக் பண்ணுவது இலவசம் என்று வாசலிலேயே ஒட்டியிருந்தார்கள். பத்து நிமிஷத்தில் செக் முடிந்தது. பிறகு பிரேம் காட்டினார்கள். எல்லாம் சேர்த்து 34,500 ரூபா. அம்மா ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தா.

"நம்பரை மட்டும் ஒரு துண்டில எழுதித் தாங்கோ அண்ணா, யோசிச்சிட்டு வாறம்" என்றேன்.

"துண்டு வெளியில குடுக்கிறேல்ல தங்கச்சி. இங்க செய்யிறதெண்டா மட்டும்தான்." சிரித்த முகத்தோடுதான் சொன்னார்.

அன்று இரவு லண்டனில் இருக்கிற மச்சாளிடம் இதைச் சொன்னேன். "நான் ஒன்லைன்லதான் எடுக்கிறனான். 20 பவுணுக்கு மேல போகாது. உன்ர நம்பரை அனுப்பு, நான் ஓடர் பண்ணிவிடுறன்" என்றா. ஆனால் அனுப்புவதற்கு என்னிடம் நம்பர் இல்லை. என் கண்ணைப் பற்றிய நாலைந்து எண்கள், அவை ஒரு கடையின் லாச்சிக்குள் இருந்தன.

ஒரு சின்னத் துண்டை ஏன் இப்படிப் பொத்தி வைக்க வேணும்? அந்தக் கேள்வியோடு தேடப் போனபோதுதான் மூக்குக்கண்ணாடியின் வரலாறு முழுக்க இதே சண்டை இருப்பது தெரிந்தது. கண்ணாடி மலிந்த ஒவ்வொரு கட்டத்திலும் நடந்தது ஒன்றுதான்: ஒரு சிலரின் கைக்குள் இருந்த அறிவு வெளியே வந்திருக்கிறது.

முதல் கண்ணாடியிலேயே இது தொடங்குகிறது. 1306இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்தில் ஜியோர்தானோ என்ற துறவி ஒரு பிரசங்கம் செய்தார். நன்றாகப் பார்க்க உதவும் கண்ணாடி செய்கிற கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் 20 வருஷம்கூட ஆகவில்லை என்று அதில் சொல்கிறார். அதை வைத்துத்தான் மூக்குக்கண்ணாடி 1280களில் வந்திருக்க வேணும் என்று கணக்குப் போடுகிறார்கள். அதே காலத்தில் பீசா நகர மடத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ டெல்லா ஸ்பினா என்று இன்னொரு துறவி இருந்தார். 1313இல் இறந்தார். மடத்தின் குறிப்பேடு அவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்கிறது: கண்ணாடியை முதலில் செய்தவர் வேறு ஒருவர், அவர் செய்முறையை யாருக்கும் சொல்ல விரும்பவில்லை. ஸ்பினா அதைப் பார்த்துத் தானே செய்து பழகி, கேட்ட எல்லோருக்கும் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்தார். மறைத்தவரின் பெயர் அந்தக் குறிப்பேட்டில் இல்லை. சொல்லிக் கொடுத்தவரின் பெயர் 700 வருஷமாக நிற்கிறது.

செய்முறை வெளியே வந்தாலும் அளவு வரவில்லை. அதற்குப் பிறகும் பல நூறு வருஷங்களாக மனிதர்கள் கண்ணாடி வாங்கியது கூடையோடு வருகிற வியாபாரியிடம்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எது தெளிவோ அதை எடுப்பது. கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் பெரியம்மா இன்றைக்கும் அப்படித்தான் வாங்குவா. புறக்கோட்டை நடைபாதையில் அடுக்கி வைத்திருப்பதில் நாலைப் போட்டுப் பார்த்து, பேப்பர் வாசிக்க முடிகிறதை எடுத்துக்கொண்டு வருவா. இதைக் கேவலமாக நினைக்கத் தேவையில்லை. நாற்பது வயதுக்குப் பிறகு கிட்டப் பார்வை மங்குவதைத் தமிழில் வெள்ளெழுத்து என்கிறோம். வேறு குறை இல்லாத, இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கிற ஆளுக்கு அந்த நடைபாதைக் கண்ணாடி போதும். தூரப் பார்வைக் குறையோ, இரண்டு கண்ணுக்கு இரண்டு பவரோ, சிலிண்டரோ இருந்தால்தான் அது சரிவராது.

அளவு வந்தது 19ஆம் நூற்றாண்டில். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் ஹெர்மன் ஸ்நெலன் 1862இல் ஓர் அட்டையை வெளியிட்டார். மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. எல்லாக் கண்ணாடிக் கடைகளிலும் நாங்கள் பார்க்கிற அட்டைக்கு அதுதான் மூதாதை. இரண்டு வருஷம் கழித்து, அதே ஊரைச் சேர்ந்த டொண்டர்ஸ் கண்ணின் பார்வைக் குறைகளை வகைப்படுத்தி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. லென்ஸின் பலத்தை அங்குலத்தில் சொன்னார்கள், ஆனால் ஒவ்வொரு நாட்டின் அங்குலமும் ஒவ்வொரு நீளம். பாரிஸில் எழுதிக் கொடுத்த நம்பருக்கு லண்டனில் அதே லென்ஸ் கிடைக்காது. 1872இல் ஃபெர்டினான்ட் மொனொயே என்ற பிரெஞ்சுக் கண் வைத்தியர் மீற்றரை அடிப்படையாக வைத்து டயொப்டர் என்ற அலகை முன்வைத்தார். நாங்கள் "மைனஸ் இரண்டு" என்று சொல்கிறோமே, அது இரண்டு டயொப்டர்.

இதுதான் பெரிய திருப்பம் என்று நினைக்கிறேன். இதற்குப் பிறகு ஒரு மனிதரின் பார்வையை நாலைந்து எண்களாக ஒரு துண்டில் எழுதலாம். ஒரு ஊரில் கண்ணைப் பார்த்து, இன்னொரு ஊரில் கண்ணாடி செய்யலாம். ஒன்லைனில் கண்ணாடி வாங்குவதற்குத் தேவையான அடிப்படை 1872லேயே தயார். ஆனால் அது நடக்க இன்னும் 130 வருஷம் எடுத்தது.

ஏனென்றால் கண் பார்க்கிறவரும் கண்ணாடி விற்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆளாகவே இருந்தார். துண்டைக் கையில் கொடுத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அமெரிக்காவின் பல மாநிலங்களில் கண்ணாடி விலையை விளம்பரப்படுத்தவே தடை இருந்தது. லீ பென்ஹம் என்ற பொருளியலாளர் 1972இல் ஒரு கட்டுரையில், தடை இருந்த மாநிலங்களில் மக்கள் கண்ணாடிக்குக் கூடுதல் விலை கொடுத்ததைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1978இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு ஒரு விதி கொண்டுவந்தது: கண்ணைப் பரிசோதித்து முடிந்ததும் துண்டைக் கொடுத்தே ஆக வேணும். நோயாளி கேட்காவிட்டாலும் கொடுக்க வேணும். துண்டுக்கென்று தனிக் காசு வாங்கக் கூடாது. எங்களிடம் கண்ணாடி வாங்கினால்தான் தருவோம் என்று சொல்லக் கூடாது. வாசித்தபோது வெள்ளவத்தைக் கடைதான் ஞாபகம் வந்தது.

பிரித்தானியாவின் கதை கொஞ்சம் வேறு. 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது கண்ணாடி இலவசம். 1951இல் கண்ணாடிக்கும் பொய்ப்பல்லுக்கும் அரைவாசிக் காசு வாங்க அரசாங்கம் முடிவெடுத்தது. அந்தச் சேவையை உருவாக்கிய அனியூரின் பெவன் அமைச்சர் பதவியையே தூக்கி எறிந்தார். பிறகு 1984இல், பதிவு செய்த ஒப்டீஷியன்கள் மட்டும்தான் கண்ணாடி விற்கலாம் என்ற ஏகபோகமும் உடைந்தது.

அங்கேதான் 2004இல் ஒரு கம்பஸ் பெடியன் வருகிறான். ஜேம்ஸ் மறே வெல்ஸ், பிரிஸ்டலில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவர். கடைசி வருஷச் சோதனை நேரம் அவருக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. கடையில் 150 பவுண் சொன்னார்கள். இதைச் செய்ய உண்மையில் எவ்வளவு முடிகிறது என்று விசாரித்துப் பார்த்து, மிஞ்சியிருந்த மாணவர் கடன் காசில் கிளாஸஸ் டிரெக்ட் என்ற இணையக் கடையைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஸென்னி 2003இலேயே தொடங்கிவிட்டது. 2010இல் அங்கே நாலு மாணவர்கள் வார்பி பார்க்கரைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரும் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, புதுசு வாங்கக் காசில்லாமல் ஒரு செமஸ்டரை ஓட்டியவர்தான். அதே 2010இல் இந்தியாவில் லென்ஸ்கார்ட். அரைவாசிக் கதை மாணவர்களின் கதை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று நடந்தது. 1961இல் இத்தாலியின் அகோர்தோ என்ற சிற்றூரில் தொடங்கிய லுக்ஸோட்டிக்கா, 1999இல் ரேபானை வாங்கியது. கடைச் சங்கிலிகளையும் வாங்கியது. 2018இல் லென்ஸ் செய்கிற பெரிய பிரெஞ்சுக் கம்பனி எஸிலோரோடு ஒன்றானது. பிரேம், லென்ஸ், கடை மூன்றும் ஒரே வீட்டுக்குள் இருக்கும்போது, பிளாஸ்டிக்கின் விலைக்கும் நாங்கள் கொடுக்கிற விலைக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கஷ்டம்.

தமிழர்களுக்குத் தெரிந்த ஒரு உதாரணமும் இருக்கிறது. இது மூக்கில் போடுகிற கண்ணாடி இல்லை, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ். 1976இல் டொக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அரச சேவையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மூட்டுவாதத்தால் கோணிய விரல்களோடு. கற்றரக்ட் எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கிற செயற்கை லென்ஸ் அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்து வர வேணும், ஒன்று 100 டொலர் அளவில். 1992இல் அரவிந்த் தானே ஒரோலாப் என்ற தொழிற்சாலையை மதுரையில் தொடங்கி அதை 10 டொலர் அளவுக்குக் கொண்டுவந்தது. பிறகு அது இன்னும் குறைந்தது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. அந்த 100 டொலரில் பெரும்பகுதி லென்ஸின் விலையே இல்லை, அதைச் செய்யத் தெரிந்தவர்கள் சிலரே இருந்ததன் விலை.

பார்வைக்கும் கூலிக்கும் உள்ள தொடர்பு 2018இல் வெளிவந்த ஒரு ஆய்வில் நன்றாகத் தெரிகிறது. அஸாமில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தேயிலைத் தொழிலாளர்களை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் மலிவான கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களின் உற்பத்தி கிட்டத்தட்ட 21.7 வீதம் கூடியது. எங்கட மலையகத்தில் கிலோக் கணக்குக்குக் கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவுக்கு இது என்ன அர்த்தம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

சரி, கொழும்புக்கு வாறன். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பிரேமும் லென்ஸும் இறக்குமதிப் பொருட்கள். ஆகவே கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. காலி வீதியில் கடை வாடகை, கண் பார்க்கிறவரின் சம்பளம், இலவசம் என்று சொன்ன அந்தப் பத்து நிமிஷம் எல்லாம் சேர்ந்துதான் பிரேமின் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. இலவசமாகப் பார்த்ததால்தான் துண்டைத் தர முடியாமல் இருக்கிறார்கள். அப்படியென்றால் வழியும் அதுக்குள்ளேயே இருக்கிறது: கண் பார்ப்பதற்கு வேறாகக் காசு கொடுத்துவிட்டு, துண்டைக் கேட்டு வாங்குவது.

நான் அதைத்தான் செய்தேன். ஒரு கண் டொக்டரிடம் காசு கட்டிக் காட்டி, துண்டு வாங்கினேன். ஒன்லைனில் எடுக்க நினைக்கிறவர்கள் கவனிக்க ஒன்று: துண்டில் பவர், சிலிண்டர், அக்சிஸ் எல்லாம் இருக்கும், இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரம் பெரும்பாலும் இருக்காது. வளர்ந்தவர்களுக்கு அது 63 மில்லிமீற்றர் அளவில் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். அது பிழைத்தால் லென்ஸின் மையம் கண்ணுக்கு நேரே வராது, தலையிடிக்கும். அதையும் அளந்து எழுதச் சொல்லுங்கோ.

மச்சாள் ஓடர் பண்ணி, கொழும்புக்கு வந்த ஒரு ஆளிடம் கொடுத்து அனுப்பினா. டொக்டர் காசையும் சேர்த்து 12,000 ரூபாவுக்குள் முடிந்தது. ஆனால் கைக்கு வர ஐந்து கிழமை எடுத்தது. சோதனையை ஓ.எல். காலத்துப் பழைய கண்ணாடியோடுதான் எழுதினேன், முன் வாங்கில் இருந்து. அம்மாவுக்குத் தூரமும் கிட்டவும் சேர்ந்த புரோகிரஸிவ் லென்ஸ். முகத்தில் பிரேம் எப்படி நிற்கிறது என்று பார்த்து அளக்க வேண்டியது அது. அதை ஒன்லைனில் எடுக்கவில்லை. துண்டோடு மூன்று கடை ஏறி, விலை கேட்டு, மூன்றாவதில் செய்தோம்.

பெரியம்மாவின் கதைதான் என்னைப் பயப்படுத்தியது. அவவுக்குச் சுகர் இருக்கிறது. இரண்டு வருஷமாக நடைபாதையில் ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிக்கொண்டிருந்தா. "இப்ப வாற கண்ணாடியள் சரியில்ல பிள்ளை" என்பா. இழுத்துக்கொண்டு லிப்டன் சுற்றுவட்டத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 1903இல் அடிக்கல் வைத்த அந்தப் பழைய சிவப்புக் கட்டடத்தைத் தாண்டிப் போய், காலையில் இருந்து மத்தியானம் வரை கிளினிக்கில் இருந்தோம். ஒரு சதம் செலவில்லை. கண்ணில் மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, கற்றரக்ட் என்றார்கள். எந்தக் கண்ணாடியாலும் சரிவராதது. மலிவுக் கண்ணாடி, அது நடைபாதையோ ஒன்லைனோ, இந்தப் பரிசோதனையை எங்களுக்கு மறக்கப்பண்ணினால், மிச்சம் பிடித்த காசுக்கு மேலால் பறிகொடுப்போம்.

இப்போது அவ ஒப்பரேஷனுக்குத் திகதி பார்த்துக்கொண்டிருக்கிறா. கிளினிக்கில் எழுதிக் கொடுத்த துண்டை நாலாக மடித்து, பேர்ஸில் லூசியம்மா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறா. யாராவது கேட்டால் தரமாட்டா. போட்டோக் கொப்பிதான் தருவா.