எண்ணூற்று ஐம்பது அடித் தண்ணீர்

போன சித்திரையில் உத்தமபாளையத்திலிருந்து மாமா போன் செய்தார். "மாப்ள, தோப்புல தண்ணி நின்னுரும் போல. எண்ணூத்தம்பது அடி போருல அரை இஞ்சுதான் வருது. நீரோட்டம் பாக்குறவரு வந்துட்டுப் போனாரு. இன்னும் முந்நூறு அடி இறக்கச் சொல்றாரு. பாறைக்கு அடியில ஆறே ஓடுதாம். நீ இஞ்சினியருதான, என்ன சொல்ற?"

நான் எழுதுவது மென்பொருள். ஆனால் எங்கள் குடும்பத்தில் இஞ்சினியர் என்றால் மிக்ஸி முதல் பூகம்பம் வரை பதில் சொல்லக் கடமைப்பட்டவன். மாமாவுக்கு வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் வயல் உண்டு. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கவலையெல்லாம் மலையடிவாரத் தென்னந்தோப்பைப் பற்றித்தான். தாத்தா வெட்டிய அறுபது அடிக் கிணறு, அதற்குள் போட்ட முந்நூறு அடி போர், பிறகு எண்ணூற்று ஐம்பது. ஆழம் போகப்போக அடிக்கு இவ்வளவு என்கிற கூலியும் ஏறும். இன்னொரு முந்நூறு அடி என்றால் அத்தையின் நகை வங்கிக்குப் போகும்.

'அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது' என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அது எப்போது பெய்த தண்ணீர் என்று கேட்பதில்லை. அதைக் கேட்கவும் வழி உண்டு என்று உலகம் தெரிந்துகொண்டு எழுபது வருஷம்தான் ஆகிறது.

வில்லார்ட் லிப்பி 1940களின் இறுதியில் கார்பன்-14 முறையைக் கண்டுபிடித்தார், 1960இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். பழைய மரத்தையும் எலும்பையும் காலம் கணிக்கும் முறையாகத்தான் நமக்கு அது தெரியும். அதே லிப்பி, மழைநீரில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் டிரிட்டியத்தையும் கடிகாரமாக்கலாம் என்று காட்டினார். டிரிட்டியம் என்பது ஹைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்பு. 12.3 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். மழை மண்ணுக்குள் இறங்கியதும் புது வரவு நின்றுவிடும், இருப்பது குறைந்துகொண்டே போகும்.

இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தது ஹைட்ரஜன் குண்டு. 1952க்குப் பிறகு நடந்த வளிமண்டலச் சோதனைகளால் மழையில் டிரிட்டியம் பல மடங்கு ஏறி, 1963 வாக்கில் உச்சம் தொட்டது. அதற்குள் சர்வதேச அணுசக்தி முகமை உலகெங்கும் மழைநீரைச் சேகரித்து அளக்கத் தொடங்கியிருந்தது. நிலத்தடி நீரில் டிரிட்டியம் சுத்தமாக இல்லையென்றால் அது குண்டுக் காலத்துக்கு முன்னால் இறங்கிய நீர் என்று இன்றைக்கும் சொல்லலாம். அழிக்கச் செய்த காரியம் இப்படியும் ஒரு கணக்குக்கு உதவியது.

இந்திய விஞ்ஞானிகள் இதில் பின்தங்கவில்லை. மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்திலும் ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்திலும் 1960, 70களிலேயே வேலை தொடங்கியது. அவர்கள் செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மழைக்கு முன் மண்ணில் முழங்கால் ஆழத்துக்கும் சற்றுக் கீழே கொஞ்சம் டிரிட்டியம் நீரைச் செலுத்தி வைப்பார்கள். மழை முடிந்ததும் தோண்டி, அது எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பஸ்ஸில் பின்படியில் ஏறுகிறவர்கள் உள்ளே நிற்பவர்களை முன்னால் தள்ளுவது போல, புது மழை பழைய ஈரத்தைக் கீழே தள்ளும். நாட்டின் பல வடிநிலங்களில் இப்படி அளந்ததில், நம்முடையது போன்ற கடினப் பாறைப் பகுதிகளில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நிலத்தடிக்குப் போகிறது என்று தெரிந்தது. மாமாவின் தோப்புக்கு வருஷ வரவு அவ்வளவுதான்.

அப்படியானால் ஆழத்தில் இருப்பது சேமிப்பா? தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் உள்ள மணற்கல் அடுக்கில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். அதனால் சுரங்கம் தோண்டிய நாளிலிருந்து இரவு பகலாக பம்பு ஓடுகிறது. அந்த நீரில் கரைந்த கார்பனை அளந்தால் வயது ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வருகிறது. ஐதராபாத் நிறுவனத்தின் சுகிஜா, ரெட்டி, நாகபூஷணம் மூவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு தென்னிந்தியாவின் ஆழ்நீரில் 30,000 ஆண்டுத் தட்பவெப்பத்தையே படித்தது. கடைசிப் பனியூழி உச்சத்தின் வறட்சி அதில் பதிந்திருக்கிறது. சங்கப் பாடல்களுக்கு முன்னால், நெல்லுக்கும் முன்னால் பெய்த மழை.

கார்பன்-14 சுமார் நாற்பதாயிரம் ஆண்டோடு களைத்துவிடும். அதற்கப்பால் வாயுக்கள்தான் கணக்கு சொல்கின்றன. பாறையில் உள்ள யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள் வேறொன்றுமில்லை, ஹீலியத்தின் கருதான். அது பாறையிலிருந்து கசிந்து நீரில் சேர்ந்துகொண்டே இருக்கும். நீர் எவ்வளவு காலம் அடைபட்டிருந்ததோ அவ்வளவு ஹீலியம். ஹீலியத்துக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1868 ஆகஸ்ட் கிரகணத்தின்போது அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரிலும் மசூலிப்பட்டணத்திலும் நடந்த சூரிய ஆய்வுகளிலிருந்துதான் அதன் கதை தொடங்குகிறது. வில்லியம் ராம்சே அதைப் பூமியின் தாதுவிலிருந்து முதன்முதலாகப் பிரித்தது 1895இல். அதே ஆண்டு அக்டோபரில்தான் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

வடகுஜராத்தில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் ஹீலியம், ரேடான், கார்பன்-14 மூன்றையும் வைத்து ஆழ்கிணறுகளை அளந்தார்கள். ஆரவல்லி அடிவாரத்திலிருந்து மேற்கே போகப்போக நீரின் வயது ஏறிக்கொண்டே போய், கார்பன் கடிகாரத்தின் எல்லையைத் தொட்டது. அந்தத் தண்ணீரைத்தான் விவசாயிகள் மோட்டார் போட்டு இறைக்கிறார்கள். கனடாவின் டிம்மின்ஸ் ஊரில் 2.4 கிலோமீட்டர் ஆழச் சுரங்கத்தில் கசிந்த நீரை, அதில் கரைந்திருந்த ஸீனான் போன்ற வாயுக்களை வைத்து 2013இல் கணக்கிட்டார்கள். குறைந்தது 150 கோடி ஆண்டு. அதுவும் எங்கள் மலையைப் போன்ற ஆதிகாலப் பாறைதான். ஆனால் அங்கே கிடைத்தது ஆறு இல்லை, விரிசலில் சிறைப்பட்ட உப்புநீர்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நம்ம தண்ணிக்கு என்ன வயசு?" என்றார்.

அங்கேதான் நான் தடுமாறினேன். நெய்வேலி மணற்கல்லில் ஆழம் ஏற ஏற வயது ஏறும் என்று ஓரளவு நம்பலாம். எங்கள் ஊர்ப் பாறையில் தண்ணீர் நிற்பது விரிசலில் மட்டும். அந்த விரிசல் மேலே திறந்திருந்தால் எண்ணூறு அடியிலும் போன ஐப்பசி மழையே கிடைக்கலாம். மூடியிருந்தால் முந்நூறு அடியிலேயே பாட்டன் காலத்துத் தண்ணீர். வயல் பக்கத்துக் கிணறுகளில் இன்னொரு கலப்பும் உண்டு. வங்காள விரிகுடாவிலிருந்து வரும் வடகிழக்குப் பருவமழையில் கன ஆக்சிஜனான ஆக்சிஜன்-18 தென்மேற்கு மழையைவிடக் குறைவு. அதனால் பள்ளத்தாக்குக் கிணற்றில் இருப்பது பெரியாற்று வாய்க்கால் கசிவா, நம் வானத்து மழையா என்று ஒரு பாட்டில் தண்ணீரை வைத்தே ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம். பாட்டிலில் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும், அவ்வளவுதான்.

"டிரிட்டியம் இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?" என்றார் மாமா. இருந்தால் அது மேலேயிருந்து வரும் புது நீர், அக்கம்பக்கத்துக் கிணறுகளோடு பங்கு. இல்லாவிட்டால் பழைய முதல், எடுத்தால் திரும்பாது. "ரெண்டுலயும் நமக்குன்னு தனியா ஒண்ணும் இல்லங்குற" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. அவர் ரிக்குக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் முந்திக்கொண்டார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து இரவெல்லாம் ஓடியது. விடிவதற்குள் மாமாவிடமிருந்து போன்.

"மாப்ள, அவன் அங்கிட்டு கம்ப்ரசரு வச்சு ஊதுறான், இங்கிட்டு நம்ம போருல காத்து கொப்பளிக்குது. குழாயில சேறாட்டம் வருது."

"அங்கே எத்தனை அடி மாமா?"

"அறநூறத் தாண்டிட்டான்."

ஆய்வகத்துக்கு அனுப்ப எடுத்து வைத்த பாட்டில்கள் என் அலமாரியில் காலியாகவே இருக்கின்றன. ஒரே விரிசல் என்பதைக் காற்றே சொல்லிவிட்டது. மாமா முன்பணத்தைத் திரும்பக் கேட்டார், பாதிதான் வந்தது. ஒரு வாரம் கழித்துப் பக்கத்துத் தோட்டத்தில் எவ்வளவு தண்ணீர் கிடைத்தது என்று விசாரித்தேன்.

"ஒரு இஞ்சு" என்றார். "நம்ம அரை இஞ்சையும் சேத்து."